நோய் போயிற்று, நுளம்பு போகவில்லை

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் மலேரியாவைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பற்கள் கிட்டும்படி வரும் நடுக்கம், போர்வைக்கு மேல் போர்வை, அதன் பின் உடல் கொதிக்கும் காய்ச்சல், வியர்வையில் நனைந்த பாய், நாவை விட்டு இலேசில் போகாத குளோறோகுயின் குளிசையின் கசப்பு ஆகிய அனைத்தையும் அவர்கள் அறிவர். 1995 ஒக்ரோபரில் குடாநாட்டை விட்டு வெளியேறி, காட்டோரங்களில் கிடுகுக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் குடியிருந்த குடும்பங்கள் பல, வந்த முதல் மாரியிலேயே இந்தக் காய்ச்சலோடு அறிமுகமாயின. ஆனால் அதே குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இன்று மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டுமே.

இது எமது காலத்தில் நிகழ்ந்த பெரிய நன்மைகளுள் ஒன்று. ஆயினும் இந்த நன்மை தானாக வந்ததன்று, தானாக நிலைத்து நிற்கப் போவதுமில்லை. நோய்க்கிருமி நாட்டை விட்டுப் போயிற்று. அதைக் காவித் திரிந்த நுளம்பு போகவில்லை. அதற்கிடையில் டெங்கு என்னும் வேறொரு நோய், வேறொரு நுளம்பின் மூலம், எமது முற்றங்களுக்குள் வந்து குடியேறிவிட்டது. மீள்குடியேறிய கிராமங்களிலும், இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் தற்காலிக இருப்பிடங்களிலும் வாழும் கமக்காரக் குடும்பங்கள் இவ்விடயத்தில் அறிந்திருக்க வேண்டியவற்றையும் செய்யக்கூடியவற்றையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வென்றதும் தோற்றதும்

1934 ஆம் ஆண்டில் இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் மழை பொய்த்தது. வழக்கமாகக் கரைபுரண்டு ஓடும் ஆறுகள் வற்றி, மணற்படுக்கைகளில் சிறு சிறு குட்டைகளாயின. தெளிந்த, வெயில் படும் அத்தகைய குட்டைகளே இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் பிரதான நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் விரும்பி முட்டையிடும் இடம். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935 வரை நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலை, குருநாகல் போன்ற மாவட்டங்களே பெரும் இழப்பைச் சந்தித்தன. வழமையாக மலேரியா குடிகொண்டிருந்த உலர்வலயத்தில் அவ்வளவு சாவு நிகழவில்லை. அங்குள்ளோரின் உடல் அடிக்கடி காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அது இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை மனதிற் கொள்வது அவசியம். மலேரியா ஒழிந்து பல ஆண்டுகள் கடந்த நிலையில், இன்றைய வன்னிப் பிள்ளைகளின் உடலும் 1934 இல் கேகாலை மக்களின் உடல் இருந்ததைப் போன்றே இருக்கின்றது. நோய் மீண்டும் வந்தால் அதைத் தாங்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை.

1940 களின் நடுப்பகுதியில் வீடுகளின் உட்சுவர்களில் டீ.டீ.ரீ. மருந்து விசிறும் பணி தொடங்கியது. 1946 இல் 27 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த நோயாளர் தொகை, 1963 இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிடைத்துவிட்டது என்று கருதி மருந்து விசிறுவது நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தளர்ந்தன. விளைவாக, 1969 இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதற்குள் நுளம்பு டீ.டீ.ரீ.க்குப் பழகிவிட்டதால் 1977 இல் மலத்தியோன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது.

போர்க்காலத்தில் நிலைமை மேலும் கடினமானது. 1999 இல் நாடு முழுவதிலும் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மலேரியாவினாற் பாதிக்கப்பட்டனர். எனினும் அதன் பின்னர் நிகழ்ந்ததை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் நடமாடும் சிகிச்சை நிலையங்களோடு கிராமம் கிராமமாகச் சென்றனர். காய்ச்சல் கண்டோரின் விரலில் இரத்தம் எடுத்து அங்கேயே பரிசோதித்தனர். மருந்தூட்டிய வலைகள் விநியோகிக்கப்பட்டன. இவையெல்லாம் போர் நடந்துகொண்டிருந்த இடங்களிலும் நிற்கவில்லை. 2006 இல் நோயாளர் தொகை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்ரோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

1963 இல் கிடைத்த வெற்றியை ஆறு ஆண்டுகளுக்குள் இழந்தோம். இம்முறை அவ்வாறு இழக்காதிருப்பது எப்படி என்பதே கேள்வி.

மன்னாரில் காணப்பட்ட புதிய நுளம்பு

அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள், 2016-2017 காலப்பகுதியில், மன்னார்த் தீவின் கிணறுகளில் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் அது இலங்கையில் அறியப்படவில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுவே. கியூலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டைகளைத் தேடிப் போகும்; ஸ்ரெபன்சியோ கிணற்றிலும், நீர்த்தாங்கியிலும், சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். அதாவது மழையில்லாத காலத்திலும், வீட்டுக்கு அருகிலேயே, நாம் குடிக்கும் நீரிலேயே வளரக்கூடியது.

இதனால் வரக்கூடிய ஆபத்தை அறிய ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஜிபுட்டி என்னும் சிறிய நாட்டைப் பார்க்கலாம். அங்கே 2012 இல் மலேரியா நோயாளர் 27 பேர் மட்டுமே பதிவாகினர். அதே ஆண்டில் ஸ்ரெபன்சி அங்கு காணப்பட்டது. 2020 இல் நோயாளர் தொகை 73,000 ஐத் தாண்டியது.

இலங்கையில் இன்று அந்நுளம்பு இருக்கின்றது. கிருமி மட்டுமே இல்லை. கிருமியோ ஒரு மனிதரின் இரத்தத்தில் வந்து சேரலாம். இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் நோயோடு வருவோர் ஆண்டுதோறும் இனங்காணப்படுகின்றனர். 2018 டிசெம்பரில், வெளியிலிருந்து வந்த ஒருவரின் நோய் நுளம்பின் வழியாக உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியதும் பதிவாகியுள்ளது. விரைவாகக் கண்டுபிடித்ததால் அது அத்தோடு நின்றது.

நுளம்பின் வாழ்நாள்

நுளம்பு மலேரியாவைக் காவுகின்றது என்பதை 1897 இல் செக்கந்தராபாத்தில் பணிபுரிந்த றொனால்ட் றொஸ் என்னும் வைத்தியர் நிரூபித்தார். மனிதர் அதை எதிர்த்துச் செய்த வேலைகள் அனைத்தும் நுளம்பின் வாழ்க்கையை அறிந்துகொண்டதிலிருந்தே தொடங்கின.

நுளம்பு நீரிற் பிறக்கின்றது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்னும் மூன்று பருவங்களையும் நீரிற் கழித்துப் பின்னரே சிறகு பெற்றுப் பறக்கின்றது. எமது வெப்பத்தில் இதற்கு ஏழு தொடக்கம் பத்து நாட்கள் போதும். கடிப்பது பெண் நுளம்பு மட்டுமே. முட்டைகள் உருவாக அதற்கு இரத்தம் வேண்டும். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்புவதில்லை. கிருமி அதன் உடலில் வளர்ந்து முதிர ஏறத்தாழ பத்து நாட்களோ அதற்குச் சற்று அதிகமாகவோ செல்லும். ஆகவே கிழவி நுளம்பே ஆபத்தானது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. கிழமைக்கு ஒருமுறை தேங்கிய நீரை அகற்றினால் எந்த நுளம்பும் சிறகு பெறாது. பறக்கின்ற நுளம்பையும் முதுமை அடையுமுன் கொல்லவோ, எம்மைக் கடிக்காமல் தடுக்கவோ முடிந்தால் நோய் பரவாது. கீழே சொல்லப்படும் முறைகள் யாவும் இவ்விரண்டிலும் அடங்கும்.

எந்த நீரில் எந்த நுளம்பு?

எல்லா நுளம்பும் ஒன்றல்ல. நீரைப் பார்த்தே நுளம்பை அடையாளம் காணலாம்.

முதலாவது, மலேரியா நுளம்பாகிய அனோபிலிஸ். சுத்தமான, அசையாத நீரை விரும்பும். ஆற்றுப் படுக்கைக் குட்டை, மணல் அகழ்ந்த குழி, செங்கல்லுக்கு மண் வெட்டிய குழி, பாவனையற்ற கிணறு, குளக்கட்டின் கீழ்க் கசியும் நீர் ஆகியவற்றில் வளரும். இதன் குடம்பி நீரின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாக மிதக்கும். மற்றவற்றின் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். வளர்ந்த நுளம்பு சுவரில் அமரும்போது பின்பக்கத்தை உயர்த்தி, சரிவாக அடித்த ஆணி போல் நிற்கும். இரவிற் கடிக்கும்.

இரண்டாவது, டெங்கு நுளம்பாகிய ஈடிஸ். கறுப்பு உடலும் கால்களில் வெள்ளை வளையங்களும் உடையது. பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலை மங்கும் வேளையிலும் கடிக்கும். நாம் வைத்திருக்கும் பாத்திரங்களிலும் எறிந்துவிடும் பாத்திரங்களிலும் வளரும். நீர்ப் பரல், மலசலகூடத் தொட்டி, ரயர், சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, கூரைப் பீலி, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி, அன்னாசி இலைகளின் அடி என யாவும் அதற்குப் போதும். முட்டைகளை நீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆதலால் நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உவர்நீரில் டெங்கு நுளம்பு வளராது என்று முன்னர் எண்ணப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரையோரத்தில் கைவிடப்பட்ட வள்ளங்களிலும் பாத்திரங்களிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் இதன் குடம்பிகளைக் கண்டுள்ளனர். கரையோரக் கிராமத்தவர் இதைக் கவனிக்க வேண்டும். சிக்குன்குனியாவைப் பரப்புவதும் இந்நுளம்பே. 2006 இன் பிற்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் மூட்டுக்களைப் பிடித்து மக்களை நடக்கவிடாமற் செய்த அக்காய்ச்சலைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது, கியூலெக்ஸ். இதில் ஓர் இனம் கழிவுநீர்க் குழியிலும் மலக்குழியிலும் அழுக்கு வாய்க்காலிலும் வளர்ந்து யானைக்கால் நோயைப் பரப்பும். அந்நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை நீங்கிவிட்டதென 2016 இல் உறுதிப்படுத்தப்பட்டது. இன்னோர் இனம் வயல் நீரில் வளர்ந்து, பன்றிகளிடமிருந்தும் நீர்ப்பறவைகளிடமிருந்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவரும். 1980 களின் பிற்பகுதியில் அநுராதபுரம், புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் அது பரவியது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் இதற்குரியதும் அடங்கும். கிளினிக் அட்டையைப் பார்த்து அதைத் தவறவிடாது போடுவிக்க வேண்டும்.

கிழமைக்கு ஒரு நாள், அரை மணித்தியாலம்

டெங்குவின் கொடுமையை 2017 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். 400 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வடக்கில் வடகீழ்ப் பருவமழைக்குப் பின், டிசெம்பர், ஜனவரி மாதங்களில் இது தலைதூக்குவது வழக்கம். டெங்கு நுளம்பு பெரும்பாலும் 100 அல்லது 200 மீற்றருக்கு அப்பாற் பறப்பதில்லை. எனவே உங்களைக் கடித்த நுளம்பு உங்கள் வளவிலோ அயல் வளவிலோ பிறந்ததாகவே இருக்கும்.

கிழமையில் ஒரு நாளை வீட்டார் குறித்துக்கொள்ளுங்கள். அன்று செய்யவேண்டியவை:

1. நீர் சேமிக்கும் பரல், தொட்டி, குடம் ஆகியவற்றை வெறுமையாக்கி, உட்சுவரைத் தும்புத்தடியாலோ தேங்காய்த் தும்பாலோ நன்றாகத் தேய்த்துக் கழுவி மீண்டும் நிரப்புதல்.

2. மூடி இல்லாத பரலுக்குப் பழைய நுளம்பு வலைத் துண்டையோ துணியையோ இறுக்கமாகக் கட்டுதல். துணி தொய்ந்து அதன்மேல் நீர் தேங்கக்கூடாது.

3. சிரட்டை, கோம்பை, தகரம், பிளாஸ்ரிக் ஆகியவற்றைப் பொறுக்கி, மக்குவதைப் பசளைக் குழியிலும் மற்றவற்றை மழை படாத சாக்கிலும் சேர்த்தல். ரயரைத் துளையிட்டோ மண் நிரப்பியோ வைத்தல்.

4. கூரையாகவோ மறைப்பாகவோ கட்டிய தறப்பாளின் மடிப்புகளில் தேங்கும் நீரை வடித்து, தறப்பாளை இழுத்துக் கட்டுதல். தற்காலிகக் கொட்டில்களில் பலரும் கவனியாத இடம் இது.

5. பீலியிற் சேர்ந்த சருகை அகற்றுதல். மலக்குழியின் காற்றுக்குழாய் வாயில் நுளம்பு புகாத வலை கட்டுதல்; மூடியின் வெடிப்பை அடைத்தல்.

6. ஆட்டுக்கும் கோழிக்கும் நீர் வைக்கும் சட்டியை நாள்தோறும் கவிழ்த்து ஊற்றுதல்.

இவை சிறு வேலைகளே. ஆயினும் ஒரு கிழமை தவறினால் ஒரு தலைமுறை நுளம்பு பறந்துவிடும்.

கிணறும் மீனும்

பாவிக்கும் கிணற்றை மூடிவிடவோ இறைத்துத் தீர்க்கவோ முடியாது. அதற்கு ஏற்றது மீன். கப்பி மீன் சிறியது, விரைவாகப் பெருகும், குடம்பிகளை உண்ணும். மன்னாரில் ஸ்ரெபன்சியைக் கட்டுப்படுத்தவும் கிணறுகளில் மீன் விடப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ இதுபற்றிக் கேட்கலாம். மீன் விட்ட கிணற்றுக்கு குளோரின் இட்டால் மீன் இறக்கும்; இட்டபின் சில நாட்கள் கழித்துப் புதிதாக விடவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த இம்மீன்களை ஆற்றிலும் குளத்திலும் விடவேண்டாம். அங்குள்ள உள்ளூர் மீன்களுக்கு அவை கேடாக முடியலாம். குடம்பியைத் தின்ன உள்ளூர் மீன்களே அங்கு போதும்.

மீன் விடமுடியாத தொட்டிகளுக்கும் குழிகளுக்கும், சுகாதாரப் பகுதியினர் குடம்பி கொல்லி மருந்து தருவர். அவர்கள் சொல்லும் அளவுக்கு மேல் இடக்கூடாது. பாவனையற்ற குழிகளை மண்ணிட்டு நிரப்புவதே நிரந்தர வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீள்குடியேறிய கிராமங்களில் பழைய பதுங்குகுழிகளும் மண்ணணைகளின் ஓரக் குழிகளும் கைவிடப்பட்ட கிணறுகளும் மாரியில் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. நுளம்புக்கு அவை வாய்ப்பான இடங்கள் என்பது உண்மை. ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் எவரும் மண்வெட்டி போடக்கூடாது. பிள்ளைகளை அங்கே துப்புரவுக்கு அனுப்பவே கூடாது. ஐயமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

வயலில் நீரைக் காயவிடுதல்

வயல் நீரை அறவே அகற்றமுடியாது. ஆனால் தொடர்ந்து தேங்கவிட வேண்டிய அவசியமும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தமிழ்நாட்டுக் கமக்காரர் சொல்லும் முறை ஒன்று உண்டு. நெற்பயிரின் வேர் பிடித்த பின்னர், ஒருமுறை பாய்ச்சிய நீர் வற்றி நிலம் ஓரளவு காய்ந்த பின்னரே மறுமுறை பாய்ச்சுவர். குடம்பி சிறகு பெறுமுன் நீர் வற்றிவிடுவதால் அது அழிகின்றது. நீரும் மிச்சமாகின்றது.

நிலம் எவ்வளவு காயலாம் என்பதை அறிய எளிய வழி உண்டு. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்ரிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் நாட்டி, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடுங்கள். குழாய்க்குள் தெரியும் நீர், நிலமட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்போது மீண்டும் பாய்ச்சலாம். பயிர் பூக்கும் காலத்தில் மட்டும் நீரைக் குறையவிடக்கூடாது. களைக்கு அஞ்சுவோர் நாட்டிய முதல் இரண்டு மூன்று கிழமைகள் நீரை நிறுத்தி, அதன்பின் தொடங்கலாம். வாய்க்கால் நீரைக் கட்டுப்படுத்தக்கூடிய சிறுபோகத்துக்கே இது பெரிதும் பொருந்தும். ஒரே மடையில் நீர் பெறுவோர் கமக்காரர் அமைப்பிற் கூடிப் பேசி ஒன்றாகச் செய்தாலே பயன் கிட்டும்.

பூச்சிகொல்லியைத் தேவைக்கு மேல் விசிறுவதும் நுளம்புக்கே உதவும். வயலிலுள்ள தும்பியின் குடம்பியும் சிறு மீனும் தவளைக் குஞ்சும் முதலில் இறக்கும். நுளம்போ சில தலைமுறைகளில் மருந்துக்குப் பழகிவிடும். டீ.டீ.ரீ.யின் கதை எமக்கு இதைக் கற்பித்திருக்கின்றது.

வலையும் புகையும் விசிறலும்

நீண்டகாலம் மருந்து நிற்கும் வலை இரவு நுளம்புக்குச் சிறந்த பாதுகாப்பு. அமரும் நுளம்பையும் அது கொல்லும். அடிக்கடி தோய்க்கவேண்டாம், தோய்த்தால் மென்மையான சவர்க்காரத்தில் தோய்த்து நிழலிற் காயவிடுங்கள். தோய்த்த நீரைக் குளத்திலோ ஆற்றிலோ ஊற்றக்கூடாது. மீனுக்கு அது நஞ்சு. பகலில் உறங்கும் குழந்தையையும் வலைக்குள் இடுவது டெங்குவிலிருந்து காக்கும். வலையைத் தோட்டத்து வேலியாகவும் மீன் பிடிக்கவும் பயன்படுத்துவோர் உளர். கிழிந்து பாவிக்க முடியாததை வேலிக்குக் கட்டலாம். நல்ல வலையில் பிள்ளைகள் உறங்கட்டும்.

முன்னர் சுவருக்கு மருந்து விசிறியபோது, மணம் பிடிக்காமல் விசிற விடாதோரும், விசிறிய சில நாட்களிலேயே சுவரைச் சாணத்தால் மெழுகி மருந்தை மறைத்துவிட்டோரும் இருந்தனர். இன்று எங்காவது மலேரியா நோயாளி இனங்காணப்பட்டு, சூழவுள்ள வீடுகளுக்கு விசிற வந்தால், அதனை ஏற்றுச் சுவரை மெழுகாது விடுவது கடமை.

வீதியிற் புகை அடிப்பதையே பலர் பெரிதாக எதிர்பார்க்கின்றனர். அது பறந்துகொண்டிருக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். பரலுக்குள் இருக்கும் குடம்பிக்கு எதுவும் நேராது. ஒரு கிழமையில் புதிய நுளம்பு எழும். நோய் பரவும் வேளையில் புகைக்கு இடமுண்டு. துப்புரவுக்கு அது ஈடாகாது. வேப்பிலை, நொச்சிப் புகையும் சற்று நேரம் நுளம்பை விலக்கும். ஆனால் மூடிய கொட்டிலுக்குள் புகை நிறைந்தால் குழந்தைகளின் மூச்சுக்குக் கேடு. இரவு முழுவதும் அதையே நம்பியிருத்தல் தகாது.

காய்ச்சல் வந்தால்

டெங்குக் காலத்தில் எந்தக் காய்ச்சலையும் சாதாரணமாக எண்ணவேண்டாம். பரசிற்றமோல் மட்டும், வைத்தியர் சொன்ன அளவிற் கொடுங்கள். அஸ்பிறின், ஐபுபுறொபன் போன்ற வலிமருந்துகள் இரத்தப்போக்கை ஏற்படுத்தக்கூடியவை, கொடுக்கவே கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி போன்றவற்றைக் குடிக்கக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தாலும் அறியமுடியாமற் போகும். மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கறுத்த மலம், கை கால் குளிர்தல், சோர்ந்து மயங்குதல், ஆறு மணித்தியாலம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நோயாளி வலைக்குள் படுத்தல் வேண்டும். அவரைக் கடிக்கும் நுளம்பே அடுத்தவருக்குக் கொண்டு செல்லும்.

மலேரியாவைப் பொறுத்தவரை ஒரு சொல் உயிரைக் காக்கும். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியோரும், ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ தொழில் செய்தும் யாத்திரை சென்றும் வந்தோரும், காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே கூறுங்கள். ஒருவகை மலேரியாக் கிருமி ஈரலில் மறைந்திருந்து, மாதங்கள் பல கழித்தும் எழக்கூடியது. ஆகவே திரும்பி ஓராண்டு ஆனபின்னரும் சொல்லுவது நல்லது. இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்றாமற் போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வந்தவரைப் பழிப்பதோ ஒதுக்குவதோ தகாது. பழிக்கு அஞ்சி மறைக்கப்படும் நோயே ஊருக்குப் பரவும். தந்த குளிசைகளைக் குணம் கண்டவுடன் நிறுத்தாமல் முழு நாட்களும் எடுக்க வேண்டும். ஈரலிலுள்ள கிருமிக்குக் கொடுக்கப்படும் பிறிமாகுயினைப் பொதுவாகப் பதினான்கு நாட்கள் எடுக்கவேண்டும்.

தனி வீட்டாற் செய்யமுடியாதவை

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தன் வளவில் நுளம்பு பெருக இடமளிப்பவர் தண்டிக்கப்படலாம். சட்டம் தேவையானதே. ஆயினும் குழாய்நீர் இல்லாமல் பவுசர் வரும் நாளைப் பார்த்திருந்து பரலில் நீர் சேர்த்து வைக்கும் குடும்பம், விருப்பத்தினால் அவ்வாறு செய்யவில்லை. நீர் ஒழுங்காகக் கிடைத்தால் பரல் தேவைப்படாது. மூடியுள்ள பாத்திரமும், ஒழுங்கான நீர் விநியோகமும், குப்பை அகற்றும் வண்டியும் கேட்பது டெங்குத் தடுப்பின் ஒரு பகுதியே. பிரதேச சபையிடம் இதை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வளவுகளும், திரும்பி வராதோரின் கிணறுகளும் எல்லாக் கிராமங்களிலும் உண்டு. அவற்றைச் சுற்றி வாழ்வோரே அவற்றின் நுளம்புக் கடியைச் சுமக்கின்றனர். கிராம அபிவிருத்திச் சங்கம் அத்தகைய கிணறுகளையும் குழிகளையும் ஒரு கொப்பியில் பதிந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து, எவற்றுக்கு மீன் விடுவது, எவற்றை மூடுவது என்று அவரோடு சேர்ந்து தீர்மானிக்கலாம். மாதர் சங்கம் பத்து வீட்டுக்கு ஒருவராகப் பொறுப்பேற்றுக் கிழமைக்கொரு தடவை பார்த்து வரலாம். குற்றம் கண்டுபிடிக்கவன்றி, உதவி செய்யவே அவர்கள் போகவேண்டும். முதியவர் தனித்து வாழும் வீட்டின் பீலியை யார் துப்புரவு செய்வது என்பதையும் அக்கூட்டத்திலேயே பேசி முடிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடிப் போத்தலில் குடம்பியை இட்டு, அது கிடையாக மிதக்கின்றதா, தொங்குகின்றதா என்று காட்டுங்கள். தொற்று வரும் முன்னரே அவர்கள் தங்கள் கிணற்றில் இருப்பது எது என்று அறிந்துகொள்வார்கள்.

1963 இல் நாடு இழைத்த தவறு, பதினேழு நோயாளர் என்ற எண்ணைக் கண்டு வேலை முடிந்தது என்று எண்ணியது. இன்று மலேரியா நோயாளர் இல்லை என்பதால், கிணற்றை எட்டிப் பார்க்கும் வேலை எமக்கு முடிந்துவிடவில்லை. காலபோக மழை தொடங்குமுன் ஒருமுறை சங்கத்தைக் கூட்டுங்கள். கொப்பியையும் நாளையும் பொறுப்பானவர்களையும் அன்றே தீர்மானியுங்கள். மழை வந்த முதற் கிழமையிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.